அடைப்புக்குறிக்குள்

நிமிடத்துக்கு இருபத்திரண்டு ரூபாய்.
காது கேளாதவர்களுக்காக
பழைய இங்கிலாந்து உளவுத் தொடர் ஒன்றின்
சத்தங்களை எழுதித் தருகிறேன்.
பேச்சை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்.
மிச்சமெல்லாம் எனக்கு.

[கார்க் கதவு மூடுகிறது]
[சரளைக்கல்லின் மேல் காலடி]
[தொலைபேசி ஒலிக்கிறது]
[தொலைபேசி ஒலிக்கிறது]
[நின்றுவிட்டது]

கறுப்பு வெள்ளையில் ஓர் ஊர்.
கோபுரக் கடிகாரத்தில் காலை பதினொன்று.
ரொட்டிக்கடை திறந்திருக்கிறது,
சுவரில் ஒரு சைக்கிள் சாய்ந்திருக்கிறது,
கொடியில் ஒரு துணி கிடையாது
குரைக்க ஒரு நாய் கிடையாது.
நீளக் கோட்டு போட்டவன் நடுத்தெருவில் நின்று
யாராவது இருக்கிறீர்களா என்கிறான்.
அவனுக்கு உள்ளூரத் தெரியும்,
யாராவது இருந்துவிட்டால்தான் ஆபத்து.

துணை நடிகர்களுக்குக் கூலி கொடுக்க
அந்தக் காலத்தில் பணமில்லை,
அதனால்தான் தெரு காலி என்றாள்
திருத்தம் பார்க்கும் ரெஜினா.
இருக்கும்.
ஆட்குறைப்பு செய்த ஊர் எப்படியிருக்கும் என்று
அவள் பார்த்ததில்லை.

இரும்பாலைக் குடியிருப்பு, சேலம்.
ஒரே அச்சில் வார்த்த வீடுகள்,
ஒரே மஞ்சள், ஒரே படிக்கட்டு.
என் வரிசையில் பதினாறு வீடு,
விளக்கு எரிவது மூன்றில்.
நான்காவது என்னுடையது. அது கணக்கில் இல்லை.
தம்பிக்கு ஒதுக்கிய வீடு;
அவன் மாற்றலாகி ரூர்கேலா போய் எட்டு மாதம்,
சாவியை நான் இன்னும் கொடுக்கவில்லை.
ஜன்னலுக்குப் போர்வை கட்டி
திரையின் வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்கிறேன்.
குக்கரில் விசில் போடுவதில்லை.

எதிர்வீட்டுக் கதவில் அரக்கு முத்திரை.
பெயர்ப்பலகையைக் கழற்ற மறந்துவிட்டார்கள்:
சி. கரியபெருமாள், ஃபோர்மேன்.
பூங்காவில் ஊஞ்சல் தானாக ஆடினால்
காற்று என்று எனக்குள் எழுதிக்கொள்வேன்.
ஷிப்ட் சங்கு வேளை தவறாமல் ஊதுகிறது.
முன்பெல்லாம் அதற்கு
நூறு சைக்கிள் மணி பதில் சொல்லுமாம்.
இப்போது கஞ்சமலை சொல்கிறது,
கொஞ்சம் தாமதமாக.

எட்டாவது பாகம், முப்பத்தோராவது நிமிடம்.
கோட்டுக்காரன் பூட்டிய கதவைத் தட்டுகிறான்.
திரையின் இடது ஓரத்தில் ஒரு பெண்,
தலைக்குக் கைக்குட்டை, கையில் கனத்த பை,
குறுக்கே போகிறாள்.
கேமராவை ஒரு கணம் பார்த்துவிட்டு
பார்க்காதவள்போல் போகிறாள்.
நடிகர் பட்டியலில் அவள் இல்லை.
அந்த ஊர்க்காரியாக இருக்கலாம்,
அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்திருக்கலாம்.
பதினோரு முறை பின்னோக்கி ஓட்டினேன்.
செருப்புச் சத்தம்கூட இல்லை.

[யாரோ போகிறார்] என்று எழுதினேன்.
ரெஜினா அழித்தாள்: ஒலி இல்லை, தேவையில்லை.
திரும்ப எழுதினேன்.
திரும்ப அழித்தாள்.
அந்தப் பாகத்துக்கு இன்னும் பணம் வரவில்லை.

நேற்று கடைசி பஸ்ஸில் இறங்கி
பால், வாழைப்பழம், கொசுவர்த்தியோடு
புங்க மரங்களின் நிழலுக்குள்ளேயே நடந்து வந்தேன்.
படிக்கட்டை நெருங்கும்போது
கரியபெருமாள் வீட்டுக்குள் தொலைபேசி அடித்தது.
முத்திரை வைத்த வீடு.
கம்பியைத் துண்டிக்க யாரோ மறந்திருக்க வேண்டும்;
அவர் போய்விட்டதைச் சொல்லவும்
யாரோ மறந்திருக்க வேண்டும்.
பதினான்கு முறை. எண்ணினேன், தொழில் பழக்கம்.
நின்றது.
உடனே மறுபடி தொடங்கியது.

தெருக்கோடியில் டார்ச் வெளிச்சம்.
காவலாளி சித்தேஸ்வரன், மப்ளர் சுற்றியவர்,
நடுத்தெருவில் வந்து நின்றார்.
"யாராச்சும் இருக்கீங்களா?"

சொல்ல என்னிடம் பெயர் இருந்தது,
வீட்டு எண்கூட இருந்தது.
வெளிச்சம் ஊஞ்சல் பக்கம் திரும்பிய நேரம்
பையை மார்போடு அணைத்து
இடது ஓரமாகக் குறுக்கே போனேன்.
ஒரு கணம் அவரைப் பார்த்திருப்பேன்.

"காத்து" என்று
தனக்குத் தானே சொல்லிக்கொண்டு
அவர் டார்ச்சை அணைத்தார்.

பையில் பால் பாக்கெட் எங்கோ ஓட்டை.
படிதோறும் சொட்டிக்கொண்டு வந்தது.